தொட்டிக்குள் தெரிந்த ஆள்

மெர்வ் ஹாஸ்கினைப் பொய்யன் என்று சொன்னது ஒரு லாரி. அதை அப்படியே நம்பியவன் மேற்பார்வையாளன் கேவின் ஸ்ட்ரௌட்.

பில்பரா இரும்புச் சுரங்கத்து லாரிகளுக்கு டிரைவர் கிடையாது. நெற்றியில் லேசர் கண்தான். மெர்வ் ஓட்டுவது தண்ணீர் வண்டி; செம்மண் தூசி அடங்கப் பாதையை நனைக்கிற வேலை. அன்று காலை பின்பக்கக் குழாய் அடைத்துக்கொண்டது. ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். குனிந்து குத்திக்கொண்டிருக்கும்போது வீடு மாதிரி ஒரு லாரி வேகம் குறையாமல், தண்ணீர் வண்டியை உரசினாற்போல் அவர் மேலேயே வந்தது. ஓரத்து மண்மேட்டில் உருண்டு பிழைத்தார். முழங்கைத் தோல் அங்கேயே போயிற்று.

புகார் கொடுத்தார். மதியம் கேவின் கூப்பிட்டான்.

"லாரிப் பதிவுல உன் வண்டி மட்டுந்தான் இருக்கு மெர்வ். ஆளே இல்ல. பொய்ப் புகாருக்கு வேலை போயிடும், தெரியுமில்ல?"

"அப்ப இந்த முழங்கைய என்ன கங்காரு கடிச்சுதா?"

"எங்கயாவது விழுந்திருப்ப. வயசாகுதில்ல."

"ரேடியோவுல சொல்லிட்டுத்தானேய்யா இறங்குனேன்!"

"இறங்கப்போறேன்னு சொன்ன. இறங்கினத யாரு பாத்தா?"

மெர்வுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினி முன்னால் இருந்த டிராகானா திரும்பினாள். எதை ஆளென்று எடுப்பது, எதை விடுவது என்று லாரிக் கண்ணுக்குப் புரோகிராம் எழுதுகிறவள் அவள்தான்.

"கண்ணு பாத்தத அப்படியே வெச்ச, வடிகட்டாத பதிவும் இருக்கு" என்றாள்.

"அது வேண்டாம்" என்றான் கேவின். அவள் அதற்குள் திறந்துவிட்டாள்.

திரையெல்லாம் புள்ளிகள். வண்டி பக்கத்தில் ஓர் ஆள் குனிந்திருந்தான். தொட்டிக்குள்ளேயும் ஒருவன், அவனைப் பார்த்தபடி.

"உள்ள இருக்கறது பொய். தொட்டி பளபளப்புல லேசர் பட்டுத் திரும்பினா இப்படி ஒரு ஆள் முளைப்பான். வெளிய இருக்கறது நீங்க" என்றாள் டிராகானா.

"அப்புறம் என்னை எதுக்கும்மா அழிச்சீங்க?"

அவள் கையைப் பிசைந்தாள். "பொய் ஆளைப் பாத்துப் பாத்து லாரி நின்னுடுது. நிஜத்தையும் பொய்யையும் பிரிக்கற கணக்குக்கு டைம் கேட்டேன். தரல. தண்ணி வண்டிய ஒட்டி எது தெரிஞ்சாலும் பொய்னு வெச்சுடுன்னு மேல உத்தரவு. எழுதினது நான்தான்."

மெர்வ் கேவினைப் பார்த்தார். போன மாதம் சுத்தமான வண்டி என்று பரிசு கொடுத்துக் கைகுலுக்கியவன் இவன்தான்.

"தேய்ச்சுப் பளபளன்னு வெக்கச் சொன்னதும் நீங்க. பளபளக்குதுன்னு ஆளையே இல்லாம ஆக்கினதும் நீங்க. தொட்டி மேல ஒரு டப்பா மங்கல் பெயிண்ட் அடிச்சிருந்தா முடிஞ்சிருக்குமேடா!"

"இது தற்காலிக ஏற்பாடுதான், மேட்."

"மேட்டுன்னு கூட்டாளி மாதிரி கூப்பிடாத. கிளம்பு. அதே எடத்துல நீ குனிஞ்சு நில்லு. லாரி வரட்டும்."

கேவின் திரையைப் பார்த்தான்.

"பாதுகாப்பு விதிப்படி அதுக்கு அனுமதி இல்ல."

டிராகானா எழுந்து போய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். சுரங்கம் முழுக்க லாரிகள் இருந்த இடத்திலேயே நின்றன. கொஞ்ச நேரத்தில் பெர்த் தலைமை அலுவலகத்திலிருந்து போன். ஆள் செத்தால்கூட இவ்வளவு சீக்கிரம் அடித்திருக்காது.

"பதிவுல சின்னக் கோளாறு..." என்று ஆரம்பித்தான் கேவின்.

மெர்வ் மேசையைத் தட்டினார்.

"...இல்ல, லாரிக்கு முன்னால ஒரு ஆள் இருந்திருக்கார்."

"பேரச் சொல்லு" என்றார் மெர்வ்.

கேவின் சொன்னான். ஹாஸ்கின் என்பதை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது; அந்தப் பக்கத்தில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை.