முதுகு காட்டிய கரை

தெகாய் பேச எழுந்தால் எங்கள் தீவில் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும் என்பார்கள். சுதந்திர தின விருந்துக்குத் தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள், கூடவே இரண்டு வெளிநாட்டு விருந்தாளிகளும். அவர்களுக்கு நாட்டைப் பற்றி எடுத்துச் சொல்லும் பொறுப்பு வழக்கம்போல் தெகாயுடையது. மனேயபா என்கிற எங்கள் ஊர்க்கூடத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய இடத்தில் தாழம்பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. என் சித்தி மகள் ரூத்தியா எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"முப்பத்துமூணு தீவு எங்களுது," என்று ஆரம்பித்தார் தெகாய். "நிலம்னு பாத்தா ஒரு பாட்டு பாடிக்கிட்டே நடந்து முடிச்சிரலாம். கடல்னு பாத்தா கண்ணு போற தூரமெல்லாம் எங்க கிரிபாஸ் நாடுதான். தென்னை, தாழை, சேம்பு. இத விட்டா இந்த மண்ணு வேற ஒண்ணும் குடுக்காது. அதனாலதான் நாங்க ஒருத்தர ஒருத்தர் கைவிட மாட்டோம். கடல்ல ஒருத்தன் கை காட்டினா, பகையாளியா இருந்தாலும் படகத் திருப்புவோம்."

விருந்தாளிகள் கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் ரூத்தியா எழுந்து நின்றாள்.

"மோத்தே கை காட்டினப்ப ஏண்ணே திருப்பல?"

மோத்தே அவள் புருஷன். மேல்காற்றுக் காலத்தில் மீனுக்குப் போனவன் திரும்பவில்லை. அதே நாளில் தெகாய் படகு நிறையச் சூரை மீனோடு வந்து, "கடல்ல யாரையும் பாக்கல" என்றார். துக்க வீட்டில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுததும் அவர்தான்.

விருந்துக்குச் சில நாள் முன்பு, அன்றைக்குத் தெகாயோடு படகில் போயிருந்த அவர் மருமகன் இயோவானே, புளித்த கள் உள்ளே போன தைரியத்தில், ரூத்தியாவிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இஞ்சின் நின்றுபோன படகில் மோத்தே சட்டையைக் கழற்றி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தெகாய் பார்த்தார். "என் சேம்பப் பாத்துச் சிரிச்சான்ல, இப்ப சிரிக்கட்டும். பின்னாடி வர்றவன் ஏத்திக்குவான்" என்று சொல்லி, படகை நேரே விட்டார். பின்னால் யாரும் வரவில்லை.

சிரித்தது உண்மைதான். தெகாயின் மகள் கல்யாணத்தில், "இது சேம்பா, சேம்போட பேரனா?" என்று மோத்தே கேட்க, கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. எங்கள் ஊரில் ஆம்பளையின் மானம் அவன் சேம்புக் குழியில் இருக்கிறது.

"உடனே போய்க் கேக்க வேண்டியதுதானே?" என்று, இயோவானே சொன்னது தெரிந்த அன்றைக்கே அவளிடம் கேட்டிருந்தேன்.

"தனியா கேட்டா தனியா மறுப்பான்க்கா. அவனுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்த வாய்தான். அது நல்லா ஓடிட்டிருக்கும்போது அடிக்கணும்."

விருந்தில் அப்படியே அடித்தாள். தெகாய் தடுமாறினார். "குடிகாரப் பய பேச்ச நம்பி..."

இயோவானே தலையைத் தூக்காமல் எழுந்தான். "இன்னிக்கு நான் குடிக்கல மாமா."

மறுநாள் தெகாய், கூடத்தில் விரிக்கும் குடும்பப் பாயையும் குழியிலேயே பெரிய சேம்பையும் சுமந்து வந்து ரூத்தியா வாசலில் வெயிலில் உட்கார்ந்தார். அப்படி வந்து உட்கார்ந்தவனை மன்னிக்க வேண்டும், அதுதான் முறை. பெரியவர்களும் போதகரும் கூடவே வந்தார்கள்.

"வாங்கிக்கிறேன்," என்றாள் ரூத்தியா. "அதுக்கு முன்னாடி இவர் சின்ன வள்ளத்த எடுத்துக்கிட்டு, பவழத்திட்டத் தாண்டிப் போய், சட்டையக் கழட்டி ஆட்டிக் கூப்பிடட்டும். ஊரே கரைக்கு வரணும். எல்லாரும் கடலுக்கு முதுகு காட்டி நிக்கணும்."

"இது பழிவாங்குறதும்மா," என்றார் போதகர்.

"ஆமா போதகரே. வேற என்னன்னு நெனச்சீங்க?"

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் தொண்டையைச் செருமினார். "போ தெகாய்."

போனார். நாங்கள் முதுகைக் காட்டி நின்றோம். முதலில் அவர் கூப்பிடும் குரல் கேட்டது, அப்புறம் அலைச் சத்தம் மட்டும். அவர் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனாலும் திரும்பவில்லை. ரூத்தியா மட்டும் கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத் தெகாய் எப்படிப் பார்த்தாரோ, அப்படியே அவளும் பார்த்தாள்.

வெயில் சாயும்போது எங்கள் முதுகில் பட்டுக்கொண்டிருந்த காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியது.

"அக்கா, காத்து திரும்பிருச்சு. வெளிய இழுத்துட்டுப் போயிரும்," என்றான் இயோவானே.

"தெரியுது. துடுப்ப விட்டுட்டான்."

"அக்கா!"

போதகர் ஜெபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். கடைசியில் அவள் எழுந்து பாவாடையிலிருந்த மணலைத் தட்டினாள்.

"போய் இழுத்துட்டு வா. செத்துட்டா எல்லாரும் நல்லவன்னு பேசுவாங்க. உயிரோட இருக்கட்டும். வாயத் தெறக்க முடியாம இருக்கட்டும்."

தெகாயைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் கிடத்தினார்கள். உதடு வெடித்திருந்தது. ரூத்தியா அவர் கண்ணெதிரே பாயை எடுத்துக்கொண்டாள், சேம்பையும் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தெகாய் கூடத்துக்கு வந்தாலும் பின்னால் தூணோரம் உட்காருவார். யாராவது இருமினால்கூடச் சிரிக்கிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பார். ஆறு மாதத்தில் தலைநகரிலிருக்கும் இளைய மகள் வீட்டுக்குக் கப்பலேறிவிட்டார்.

கப்பல் போன அன்று ரூத்தியா தன் குழிக்குள் இறங்கிச் சேம்புக்கு இலை உரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மனசு ஆறுச்சாடி?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்." நிமிராமலே சொன்னாள். "அங்க போயி பேச ஆரம்பிச்சிருவானோக்கா?"

"அங்கேயும் கதை போய்ச் சேந்துருச்சாம்."

"யாரு சொல்லி அனுப்பினா?"

"நான்தான்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சேறு படிந்த கையை நீட்டி, மேலே ஏற்றிவிடச் சொன்னாள்.