ஜீரோ வைத்த தண்ணீர்

கண்ணாடிக் குப்பியில் படிந்த விரல்ரேகையைத் துடைத்து நிறமானிக்குள் இறக்கியபோது கைபேசி அதிர்ந்தது. சித்தி.

"அம்மா போயிட்டாடி. கிளம்பி வா."

"சரி" என்றாள். ஆனாலும் எண் நிலைக்கும்வரை நகரவில்லை.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலையே அதுதான். நிறங்காட்டும் திரவத்தை விட்டால், நீரிலுள்ள இரும்பின் அளவுக்குச் செம்மஞ்சள் ஏறும்; அந்நிறம் விழுங்கிய ஒளியை நிறமானி எண்ணாகச் சொல்லும். இன்று குப்பியில் இருந்ததோ அம்மாவின் இரும்புச்சத்து டானிக். இத்தனை மாதம் குடித்தும் ரத்தம் ஏறவில்லையே என்று மருத்துவர் நேற்றுக் குழம்பியிருந்தார். அம்மா ஒருவேளையும் தவறியதில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் மகன் கொடுத்ததாயிற்றே.

டானிக்கே பழுப்பு என்பதால், அந்நிறம் கணக்கில் சேராதிருக்க, திரவம் விடாத டானிக்கை முதலில் உள்ளே வைத்து அதன் அளவையே ஜீரோவாக வைத்திருந்தாள். எண் அந்த ஜீரோவை விட்டு எழும்பவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் சர்க்கரையும் சாயமும்.

வழியெல்லாம் தீட்டிய சொற்களோடு வீடு சேர்ந்தவள், நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த அண்ணனை அடுக்களைக்குள் அழைத்தாள்.

"அந்த டானிக்ல இரும்பு பொட்டுகூட இல்ல. பெத்தவ தலையிலயே மட்டமான சரக்கைக் கட்டிட்டியேண்ணா."

அவன் கோபப்படவில்லை.

"புதுக் கம்பெனி, எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதான மொதல்ல உங்கிட்ட குடுத்தேன்? நீதான பார்த்துட்டு, 'இரும்பு எக்கச்சக்கமா இருக்கு, தாராளமா குடு'ன்ன. 'கடைக்காரனுக்கு எதப் பார்த்தாலும் கலப்படம்'னு கிண்டல் வேற. அம்மாகூட சிரிச்சா."

அன்று நீர் மாதிரிகளுக்கு நடுவே, கைப்பழக்கத்தில், வெறும் தண்ணீருக்கே ஜீரோ வைத்திருந்தாள். டானிக்கின் சாயத்தை நிறமானி இரும்பென்று சொல்லியிருந்தது.

"அப்ப சொன்னது சரியா, இப்ப சொல்றது சரியா?" உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அவள் வாய் திறக்குமுன் சித்தி உள்ளே வந்தாள்.

"ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க? வந்தவங்க தேடறாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உங்கள மாதிரி பிள்ளைங்க யாருக்குக் கிடைக்கும்? குடிக்கிற மருந்தைக்கூட எம்பொண்ணு சோதிச்சுத்தான் குடுப்பான்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் அக்கா சொல்லிட்டிருந்தா."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான்.

ஜன்னல் மேடையில் காலையில் அம்மா குடித்து வைத்த கரண்டி கழுவப்படாமல் கிடந்தது. குழியில் உறைந்திருந்த பழுப்பைச் சுற்றி எறும்புகள் மொய்த்திருந்தன.