தோள்பட்டை வலி

வாசற்படியில் கண்ணாடிப் பாத்திரம் ஒன்று இருந்தது, அலுமினியத் தாள் போட்டு மூடி. தூக்கும்போதே தெரிந்துவிட்டது, கோழியும் நூடுல்ஸும் சீஸும் சேர்த்துச் சுட்டது. பக்கத்தில் இன்னொன்று. கதவோரம் மூன்றாவது. எங்கள் ஊரில் இப்படிப் பாத்திரம் வந்தால் வீட்டில் சாவு, இல்லாவிட்டால் பெரிய வியாதி. என் கணவர் வெர்ன் போன வருஷம் இறந்தபோது ஃப்ரீசரை மூட முடியாத அளவுக்கு வந்தது. தோள்பட்டை வலிக்கெல்லாம் யாரும் கோழி சுட்டுக்கொண்டு வர மாட்டார்கள்.

எனக்குத் தோள்பட்டை வலி என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தோம், நானும் என் சிநேகிதி மார்லிஸும்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒஹாயோவின் இந்த மூலையில் எந்தப் பிள்ளை எந்தத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வெர்ன் போன பிறகும் பேருந்தில் எனக்கு ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. ஆனதெல்லாம் வீட்டில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைத் தரையில் உட்கார்ந்தவள், எழுந்து என்ன ஆகப்போகிறது என்று அப்படியே கிடந்துவிட்டேன். சர்ச்சுக்கு வரவில்லையே என்று தேடி வந்த மார்லிஸ்தான் தூக்கி உட்காரவைத்தாள், முகம் துடைத்தாள், டாக்டரிடம் கூட்டிப்போனாள். மனச்சோர்வுதான், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம், வீட்டிலிருந்தே வரலாம் என்றார் டாக்டர். ஆனால் தினமும் மூன்று மணி நேரம், பக்கத்து டவுனில், வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச வேண்டும், குளிர்காலம் முடியும்வரை. மூன்று மணி நேரமாம்! போக வர ஆகிற நேரத்தையும், திரும்பி வந்து காரிலேயே உட்கார்ந்து அழுது முடிக்கிற நேரத்தையும் யார் சேர்த்துக்கொள்கிறார்கள்? தாமதமாகப் போனால் கதவைச் சாத்திவிடுவார்கள். அடிக்கடி தவறினால் பேரை அடித்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்கு அனுப்புவார்கள்.

காலை ஓட்டமும் சாயங்கால ஓட்டமும் இதில் இடிக்கவில்லை. மழலைப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் மத்தியான ஓட்டம்தான் இடித்தது. அதை எங்கள் ஷெட்டில் மாற்று டிரைவராக இருந்த மார்லிஸ் வாங்கிக்கொண்டாள்.

"நீ போடி. அந்த வாண்டுங்கள நான் பாத்துக்கறேன். யாராவது கேட்டா தோள்பட்டை வலி, பிசியோதெரபிக்குப் போறான்னு சொல்லிடுவோம்" என்றாள். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அவள் சொன்னால் நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க வசதியாக அடியில் டேப் ஒட்டிப் பேர் எழுதுவது எங்கள் வழக்கம். முதல் இரண்டும் புதன்கிழமை ஜெபக்குழுப் பெண்களுடையவை. மூன்றாவதில் மார்லிஸ் பேர்.

நேரே பேருந்து ஷெட்டுக்குப் போனேன். மார்லிஸ் வண்டிக்குள் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்ககிட்ட என்னடி சொன்ன?"

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலடி" என்றாள், துடைப்பத்தை விடாமல். "குழு ஜெபத்துக்குத்தான் உன் விஷயத்தக் குடுத்தேன்."

"பேரச் சொல்லியா?"

"பேரு சொல்லாம எப்படிடி ஜெபம் பண்றது? யாருக்குன்னு கடவுளுக்குத் தெரிய வேணாமா?"

"கடவுளுக்கு எப்பவோ தெரியும்டி. டுவேன் பொண்டாட்டிக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

அவள் முகம் சுண்டிப்போனது. டுவேன் எங்கள் ஷெட்டு மேனேஜர். அவர் மனைவியும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். "உனக்கு நல்லது நடக்கணும்னுதாண்டி..." என்று கண்ணைத் துடைத்தாள் மார்லிஸ். நிஜமாகவே அழுதாள். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. துரோகம் பண்ணினவள் அழுதால் திட்டக்கூட முடியாமல் போகிறது பாருங்கள்.

மறுநாள் காலை வண்டியை எடுக்குமுன் டுவேன் கூப்பிட்டார். மேஜைமேல் இருந்த காபிக் கோப்பையைப் பார்த்தே பேசினார்.

"தப்பா எடுத்துக்காத ரோண்டா. பெத்தவங்க சில பேரு போன் பண்ணிட்டாங்க. அந்த சிகிச்சை முடியறவரைக்கும் வண்டிய மார்லிஸ் எடுக்கட்டும். உன் ரூட்டு அவளுக்குத்தான் பழக்கம்."

"சிகிச்சைய இன்னிக்கே நிறுத்திட்டா?"

கோப்பையை நகர்த்தி வைத்தார். "நிறுத்திட்டா... அவ நல்லாதான் இருக்கான்னு நானும் அவங்ககிட்ட சொல்லிக்கலாம்."

எழுந்து போக முயற்சி எடுக்கிறவள் பைத்தியம், தரையிலேயே கிடந்தால் நல்லாதான் இருக்கிறாள். என்ன நியாயமோ! சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த நாள் ஊரே தெரியாத மூடுபனி. பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். நான் டவுனுக்குக் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், ஷெட்டுக்குத் திரும்பும் முனையில் காரை நிறுத்தி, டுவேனிடம் போய் சிகிச்சையை நிறுத்திட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதில் நேரம் போய்விட்டது. அப்புறம் திரும்பாமல் டவுனுக்கே நேராகப் போனேன்.

ஓடைப் பாலம் தாண்டியதும் முன்னால் மஞ்சளாக ஒன்று. என் பேருந்து. பனியால் அதற்கும் தாமதம். சிவப்பு விளக்குகள் மின்ன, பக்கவாட்டில் 'நில்' என்ற பலகை நீண்டது. அது மின்னும்வரை எந்தப் பக்கத்து வண்டியும் அசையக்கூடாது. பின்னால் நின்றேன். டவுனில் சிகிச்சைக் கதவைச் சாத்தப் பத்து நிமிஷம்கூட இல்லை.

ரோட்டின் மறுபக்கம், இடப்புறத் தபால் பெட்டியருகே என் பேருந்துப் பிள்ளை பெய்ஸ்லி நின்றாள், வழக்கம்போல ஷூ நாடா அவிழ்ந்து. டிரைவர் கையை அசைத்தால்தான் ரோட்டைக் கடந்து வலப்பக்கக் கதவுக்கு வர வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

கண்ணாடியில் என் காரைப் பார்த்திருப்பாள் மார்லிஸ். எனக்கு நேரமாவது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஜன்னல் வழியே கையை நீட்டி, நீ போ, தாண்டிப் போ என்று வேகமாக அசைத்தாள். பாவம், நல்லது செய்கிறாளாம்.

பெய்ஸ்லி அந்தக் கையைப் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கினாள்.

என் கால் பிரேக்கை விட்டு நகரவே இல்லை. மார்லிஸின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

நடு ரோட்டில் பெய்ஸ்லி என் காரை அடையாளம் கண்டு நின்றாள். ஜன்னலை இறக்கினேன்.

"மிஸ் ரோண்டா! தோள்பட்டை சரியாயிடுச்சா?"

மார்லிஸ் கேட்டிருப்பாள், அவள் ஜன்னலும் திறந்துதான் இருந்தது. ஊரிலேயே அந்தப் பொய்யை இன்னும் நம்புகிறவள் இவள் ஒருத்திதான்.

"ஆயிட்டே வருதுடா கண்ணு. நீ ஏறு" என்றேன். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தலைக்கு மேல்வரை தூக்கிக் காட்டினேன். அவளும் தன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அவிழ்ந்த நாடாவோடு மெதுவாக, மெதுவாகப் பேருந்தின் முன்பக்கமாகச் சுற்றிப் போனாள். விளக்குகள் மின்னிக்கொண்டே இருந்தன.