வண்டி எண்ணும் நாள்

சாத்தூரிலிருந்து இருக்கன்குடி செல்லும் சாலையோரம் தாம் கட்டவிருந்த திருமண மண்டபத்தின் முகப்பில், இரண்டு கருங்கல் யானைகள் தும்பிக்கை உயர்த்தி நீர் பீய்ச்ச வேண்டும் என்பது தீப்பெட்டி வியாபாரி ஜெயச்சந்திரனின் பேராசை. அதற்கோர் இடையூறு வந்தது. மண்டபத்தால் சாலையில் நெரிசல் எவ்வளவு கூடும் என்று ஆய்ந்த பின்னரே அனுமதியாம். நெரிசல் மிகும் எனத் தெரிந்தால், முகப்பு நிலத்தை வண்டிகள் ஒதுங்கிச் செல்லும் அணுகுசாலைக்கு விட்டுவிட வேண்டுமாம். பிறகு யானைகள் நிற்பது எங்கே?

ஆகவே, தாமே குறித்துத் தரலாம் என்றிருந்த ஆய்வு நாளைத் தேர்வதில் அவர் தம் மதி முழுவதையும் செலவிட்டார். தீபாவளிக்கு மறுவாரம் பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். ஆளேற்றும் வேன்களும் ஓடா, லோடு லாரிகளும் ஓடா. அவ்வாரத்திலும் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குக் கூட்டம் சேரும் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு ஆகியவற்றை விலக்கிப் புதன்கிழமையைக் குறித்தார்.

அன்று காலை, மதுரையிலிருந்து வந்த ஆய்வாளர் இசைவாணி குடைநிழலில் அமர்ந்து வண்டிகளை எண்ணத் தொடங்கினாள். எண்ணுவதற்குத்தான் ஒன்றும் வரவில்லை. தார்ச்சாலையின் நடுவே ஒரு நாய் நிம்மதியாக உறங்கியது. ஜெயச்சந்திரனின் உள்ளம் துள்ளியது.

“பாத்தீகளா மேடம், நாய்கூட ஒதுங்காமப் படுத்திருக்கு.”

“பாத்தேன் சார். இன்னும் பொழுது இருக்குல்ல.”

பொழுது இருக்கத்தான் செய்தது. உச்சிவேளைக்குச் சற்று முன்னர், மசாலா மணம் கமழ ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. அண்டா அண்டாவாகக் கறிச்சோறு இறங்கிற்று. பின்னாலேயே அவர் மனைவி ரோஜாவும் இறங்கினாள்.

“ஏ ரோஜா, இது என்ன கூத்து?”

“நீங்க நேந்துக்கிட்டதுதான். அனுமதி கெடைச்சா ஆத்தாளுக்குக் கிடா வெட்டிச் சோறு போடுறேன்னீகள்ல? கெடைச்சபெறகு போட்டா அது கூலி. முன்னாடியே போட்டாத்தான் ஆத்தா மனசு எளகும்.”

“யாருகிட்டயும் சொல்லலியே?”

“யாருகிட்டயும் சொல்லல. ஆட்டோவுல மைக்கு கட்டி, பக்கத்து ஊர்ல மட்டும் ஒரு சுத்து வரச் சொன்னேன்.”

கம்பெனி விடுமுறையில் வீட்டில் இருந்தோருக்கு அந்த ஒரு சுற்று போதுமானதாயிற்று. இருசக்கர வண்டிகள் வந்தன, வேன்கள் வந்தன, பிள்ளைகுட்டிகளோடு டிராக்டர்கள் வந்தன. நாய் எழுந்து பந்திக்குச் சென்றது. மினிபஸ் ஓட்டுநர் வெள்ளைத்துரை வண்டியை நடுச்சாலையிலேயே நிறுத்திவிட்டு இலைமுன் அமர்ந்தார்.

“ஏய்யா, வண்டிய எடும்.”

“ஏறுன சனமெல்லாம் பந்தியில இருக்காக அண்ணாச்சி. வெறும் சீட்டையா ஏத்திக்கிட்டுப் போகச் சொல்றீக?”

இருபுறமும் ஒலிப்பான்கள் அலறின. கட்டும் முன்னரே தம் மண்டபத்தின் பெயர் கெடுகிறதே என்று ஜெயச்சந்திரன் பதறினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஆட்களை ஏவி முகப்பின் வேலிக்கற்களைப் பிடுங்கச் செய்தார். துண்டைச் சுழற்றியபடி சாலையில் குதித்தார். “ஏலே டிராக்டரு, இங்கன உள்ள வா. வேனு, நில்லு. பைக்கு, நீ போ.” அவர் காட்டிய திசையில் வண்டிகள் திரும்பின. நெரிசல் தளர்ந்து வண்டிகள் ஓடின. அந்த அதிகாரம் அவருக்குத் தேன்போல் இனித்தது. ஒன்றிரண்டு வண்டிகளை வேண்டுமென்றே நிறுத்தியும் விட்டார்.

கையில் சோற்றுத் தட்டுடன் இசைவாணி அருகில் வந்தாள்.

“மண்டபம் தெறந்தா ரோடு என்னாகும்னு கணக்குப் பாக்க வந்தேன் சார். நீங்களே தெறந்து காட்டிட்டீங்க. அணுகுசாலையும் போட்டுட்டீங்க.”

ஜெயச்சந்திரன் திரும்பிப் பார்த்தார். யானைகள் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு டிராக்டர், தங்குதடையின்றி, ஏறக்குறைய யானையின் மிடுக்கோடு சென்றுகொண்டிருந்தது. முதலில் அவர் வாய் பிளந்தது. பின்னர் அந்த வாயிலிருந்தே சிரிப்பு பொங்கியது. “எழுதிக்கோங்க மேடம். விட்டுத் தாரேன்,” என்றார்.

கை கழுவி வந்த வெள்ளைத்துரை மினிபஸ்ஸில் ஏறித் தலையை நீட்டினார்.

“அண்ணாச்சி, எம் மகளுக்கு வைகாசியில கல்யாணம். வண்டி வந்துபோக இம்புட்டு தோதா எங்கயும் பாக்கல. மண்டபத்த எனக்குத் தருவீகளா?”

“தாரேன்யா, தாரேன். மொதல்ல வண்டிய எடும், பின்னாடி சனம் நிக்கிது.”