ஒரு மணி நேரம் முன்னதாக

யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போவதென்று முடிவானதிலிருந்து கதிருக்கு வேறு வேலை இல்லை. பள்ளத்தாக்கில் எந்த பார்க்கிங் எப்போது நிரம்பும், ஷட்டில் பஸ் எந்த நிறுத்தத்தில் காலியாக வரும், கூட்டம் எந்தப் பக்கமாக நகரும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காரை ஒருமுறை நிறுத்திவிட்டால் சாயங்காலம்வரை அதைத் தொடக் கூடாது. கடைசி நிறுத்தத்தில் ஆரம்பித்துக் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் வர வேண்டும். அதற்கு சான் ஹோசேயிலிருந்து காலை ஐந்து மணிக்கே கிளம்பியாக வேண்டும். திட்டத்தில் ஒரே ஓட்டை, கூட வரும் திருமூர்த்தி.

உடுமலைப்பேட்டையில் கதிரோடு படித்தவன். எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. அவனுக்கு மட்டும் நேரத்தைக் குறைத்துச் சொல்வது நண்பர்களிடையே பழக்கமாகிவிட்டது. கதிரும் ஃபோனில் நாலு மணி என்றான். அதை மனைவி வான்மதியிடம் சொல்லவில்லை. அவள் தன் பங்குக்கு திருமூர்த்தியின் மனைவி ரக்ஷாவிடம் ஐந்து மணி என்று சொல்லிவிட்டாள்.

ஃப்ரீவே ஏறும் இடத்தில், சந்திப்பதாகப் பேசிவைத்திருந்த பெட்ரோல் பங்க்குக்குக் கதிரும் வான்மதியும் ஐந்துக்குப் போனபோது திருமூர்த்தியின் கார் அங்கே நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. பின் சீட்டில் மகள் தீக்ஷா ஜாக்கெட்டை முகம்வரை இழுத்துக்கொண்டு அழுது ஓய்ந்திருந்தாள்.

ரக்ஷா நேராக வான்மதியிடம் வந்தாள்.

"நீங்க அஞ்சுன்னுதானே சொன்னீங்க? தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இல்ல, நாலுதான், கதிர் சொன்னான்னு குழந்தைய எழுப்பி இழுத்துட்டு வந்துட்டாரு."

பிறகு குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சொன்னாள். நைட் ஷிஃப்ட் வேலையை விட்டதிலிருந்தே திருமூர்த்திக்கு மறதி. அடுப்பை அணைக்காமல் வெளியே போனான். போன மாதம் தீக்ஷாவை டேகேரிலேயே மறந்துவிட்டான். அவன் அப்பாவுக்கு ஐம்பது வயதில் இப்படித்தான் தொடங்கியது, கடைசியில் பெற்ற மகனையே யாரென்று கேட்டார். வரும் செவ்வாய் நரம்பு டாக்டரிடம் அப்பாயிண்ட்மெண்ட். பக்கத்தில் நின்று கேட்ட கதிருக்கு இதெல்லாம் புதிது.

பம்ப் பக்கமிருந்து திருமூர்த்தி வந்தான். கோபமாக இல்லை.

"கதிர், நீ எங்கிட்ட நாலுன்னுதானேடா சொன்னே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஆனால் ரக்ஷா நின்றிருந்தாள், வான்மதி பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக உன்னை இப்படித்தான் சமாளிக்கிறோம் என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

"அஞ்சுன்னுதான்டா சொன்னேன். தூக்கக் கலக்கத்துல மாத்திக் கேட்டிருப்பே."

திருமூர்த்தி தலையாட்டினான். காரைச் சுற்றிப் போய் ரக்ஷாவிடம் சாவியை நீட்டினான்.

"மலை ரோடு. நீயே டிரைவ் பண்ணு."

அவள் மலையில் ஓட்டியதே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். கதிர் முன்னால் போனபடி கண்ணாடியில் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். முன் சீட்டில் திருமூர்த்தி கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

அப்படியும் திட்டம் பலித்தது. பார்க்கிங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் கிடைத்தது. பின்னால் வந்த கார்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். உங்களை மாதிரி பிளான் பண்ண ஆளில்லை என்று வான்மதி சொன்னாள். கதிருக்கு எரிச்சல் வந்தது.

ஷட்டிலும் அவன் கணக்குப்படி காலியாகவே வந்தது. திருமூர்த்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டான், தனக்குச் சரியாகத்தான் ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க. கதிரால் தாங்க முடியவில்லை.

"டேய், நான் நாலுன்னுதான் சொன்னேன். நீ லேட்டா வருவேன்னு வேணும்னே சொன்னேன். காலைல சொன்னது பொய்."

திருமூர்த்தி அவன் பக்கம் திரும்பினான். பிறகு சிரித்தான்.

"ரக்ஷா சொல்லச் சொன்னாளா?"

"இல்லடா. சத்தியமா."

"விடுடா. எனக்காக எதுக்கு நீ பழிய ஏத்துக்கறே."

முன் சீட்டிலிருந்து ரக்ஷா திரும்பினாள். அவளுக்குக் கேட்டிருந்தது. உண்மையை அவளிடமும் சொல்லக் கதிர் வாயெடுத்தான். அதற்குள் அவள் கண் கலங்க, தேங்க்ஸ் என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் நின்றது. இதுதான் நம்ம ஸ்டாப் என்றான் கதிர். திருமூர்த்தி ரக்ஷாவைப் பார்த்தான்; அவள் எழுந்து நிற்கும்வரை அசையவில்லை.