ஏழாவது பந்தயம், மூன்றாவது சுற்று

நாங்கள் தொகுக்கும் பந்தய முடிவுப் புத்தகத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. கிளெம் டக்ஸ்பரி, 11 அக்டோபர் 1930, ஏழாவது பந்தயம். ராவன்ஷா தடம் இயங்கிய மூன்று ஆண்டுகளில் அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டிய மற்ற நூற்றுப் பதினெட்டுப் பேரையும் நானும் டெஸ்மண்ட் பிக்கப்பும் முடித்துவிட்டோம். இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் தயவுசெய்து வேறு ஏதாவது படியுங்கள். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்த்தவன் நான். ஒரு எண் விட்டுப்போனாலும் எனக்குச் சோறு இறங்காது.

நான்கு பேர், நான்கு சுற்று, கரிக்கசடு கொட்டிய தடம், பிரேக் இல்லாத வண்டி. விளையாட்டு அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் கையில் அச்சிட்ட நிகழ்ச்சித்தாளும் பென்சிலும் இருக்கும். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று குறித்துக்கொள்வார்கள். விழுந்தவனுக்கு ‘வி’. தானாக வண்டியை நிறுத்தியவனுக்கு ‘நி’. எழுபது வருடம் கழித்து அந்தத் தாள்களைத் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் வேலை.

கிளெமுக்கு எந்த எழுத்து என்பதுதான் சிக்கல். அன்று மாலை மூடுபனி, அதோடு ஆலைப் புகை. எதிர்ப்பக்க வளைவு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஒரு மாதத்துக்கு முன்புதான் அதே வளைவில் ஒருவர் வேலியில் மோதிச் செத்திருந்தார். மூன்றாவது சுற்றில் பனிக்குள் நான்கு பேர் போனார்கள், மூன்று பேர் வெளியே வந்தார்கள். ‘டக்ஸ்பரி பந்தயத்தை முடிக்கவில்லை’ என்று எழுதியதோடு பத்திரிகை நிறுத்திக்கொண்டது. ஊர் நிறுத்தவில்லை. பயந்துபோய் எஞ்சினை அணைத்துவிட்டு ஓரமாக நின்றுவிட்டான் என்றது. அதன்பிறகு கிளெம் எந்தத் தடத்திலும் ஓட்டவில்லை. நாற்பது வருடம் ரொட்டி வண்டி ஓட்டிவிட்டுச் செத்துப்போனார்.

அவருடைய மகள் ஏவிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை எங்களைத் தேடி நாங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் நூலகத்துக்கு வந்தார். அறுபத்தொன்பது வயது, கையில் ஒரு பிஸ்கட் டின்.

“புத்தகம் போடறது நீங்கதானா கண்ணு?” என்றார். எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார் போலிருக்கிறது. டெஸ்மண்டைக்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

“நாங்கதான்.”

“பள்ளிக்கூடத்துல என் பேரே ‘நின்ன வண்டி’. ஓட்டப்பந்தயத்துல மூணாவதா வந்தாக்கூட, ‘பரவாயில்லையே, டக்ஸ்பரி பொண்ணு கடைசிவரைக்கும் ஓடிட்டாளே’ம்பாங்க. அப்பாகிட்ட ஒரே ஒரு தடவை கேட்டேன். எழுந்து தோட்டத்துக்குப் போயிட்டாரு. அவர் விழுந்தார்னா விழுந்தார்னு போடுங்க. நின்னார்னா அதையும் நேராச் சொல்லிடுங்க. பூசி மெழுக வேண்டாம்.”

டின்னுக்குள் அவருடைய அம்மா நெல்லி வைத்திருந்த நாற்பத்தொரு நிகழ்ச்சித்தாள்கள் இருந்தன. இப்படி ஒரு பெண்மணியை நான் பார்த்ததில்லை. ஒரு பந்தயம் விடாமல் குறித்திருந்தார். கணவர் ஓட்டிய பந்தயங்களில் கடிகாரத்தை வைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் எழுதியிருந்தார். எட்டை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டம் போட்டு எழுதும் கை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை டெஸ்மண்டுக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசித் தாள், ஏழாவது பந்தயம். முதல் சுற்று இருபத்திரண்டரை வினாடி. இரண்டாவது சுற்று இருபத்தொன்று. அதற்குப் பக்கத்தில் ‘வி’. பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது. எட்டாவது பந்தயத்திலிருந்து எல்லாக் கட்டமும் வெறுமை. நாற்பத்தொரு தாளிலும் வேறெங்கும் ஒரு வெற்றுக் கட்டம் கிடையாது. கணவரிடம் ஓடிப் போய்ப் பார்த்த பிறகுதான் அந்த எழுத்தைப் போட்டிருக்க வேண்டும்; அதற்குமேல் குறிக்க மனம் வந்திருக்காது. அதோடு, அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவன் நான்கு சுற்றுக்கும் எடுத்துக்கொண்டது தொண்ணூறு வினாடி, சராசரியாக இரண்டு சுற்றுக்கு நாற்பத்தைந்து; கிளெமுக்கு நாற்பத்துமூன்றரைதான். அப்படியென்றால் பனிக்குள் போகும்போது முன்னால் இருந்தது கிளெம்.

ஏவிஸ் போன பிறகு டெஸ்மண்ட் தாளைத் திருப்பிப் பார்த்தான்.

“பொண்டாட்டி எழுதினதெல்லாம் ஒரு சாட்சியா? என் பொண்டாட்டி என்னைப் பத்தி எழுதினா நம்புவியாய்யா நீ?”

“நம்புவேன். அதனாலதான் உன்னைக் கொஞ்சம் தள்ளியே வச்சிருக்கேன்.”

“ரெண்டு சாட்சி வேணும்னு விதி போட்டது யாரு? நானா?”

நான்தான். கிண்டலுக்குச் சொன்னாலும் அவன் சொன்னது சரி. மறுநாளே பஸ் பிடித்து பிரெஸ்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். தடத்தை நடத்திய கம்பெனியின் கடிதக் கட்டுகள் அங்கே இருக்கின்றன. இரண்டு நாள் முழுக்க டிக்கெட் தகராறும் கரிக்கசடு விலையுமாகவே வந்தது. மூன்றாம் நாள் மேனேஜருக்கு வந்த ஒரு கடிதம் கிடைத்தது. தேதி 12 ஜனவரி 1931.

‘அக்டோபரில் விழுந்துவிட்டதாக என் கணவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அது உண்மையல்ல. பயத்தில் அவரே எஞ்சினை அணைத்தார். நான் அவர் மனைவி, எனக்குத் தெரியும். வசந்தம் வந்ததும் மறுபடி வந்து கேட்பார். தயவுசெய்து சேர்த்துக்கொள்ளாதீர்கள். 18, மில் லேன். நெல்லி டக்ஸ்பரி.’

பதினெட்டில் இருந்த எட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டம். கடிதத்தின் மூலையில் மேனேஜர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘பெயரை அடி. மற்ற தடங்களுக்கும் தெரிவி.’

எனக்குக் கோபம் வந்தது. எழுபது வருடத்துக்கு முன் எழுதப்பட்ட கடிதத்தின்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை, ஆனாலும் வந்தது. கட்டிய கணவனை ஊர் சிரிக்க விட்டிருக்கிறாளே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டிருந்தேன்.

நேராகச் சொல்லச் சொன்னவரிடம் நேராகத்தானே சொல்ல வேண்டும்? ஏவிஸ் வீட்டுச் சமையலறையில் கடிதத்தின் நகலையும் அந்தக் கடைசி நிகழ்ச்சித்தாளையும் மேசைமேல் வைத்தேன். அடுப்பில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“இது அம்மா கை.”

“ஆமா.”

“அப்போ அந்தக் கதையைக் கிளப்பினதே அம்மாதானா?”

“மேனேஜர் மத்த தடங்களுக்கு எழுதியிருக்காரு. அங்கிருந்து ஊருக்கு வந்திருக்கும்.”

ஏவிஸ் விரலால் தேதியைத் தொட்டார். “ஜனவரி பன்னெண்டு. நான் பொறந்தது பிப்ரவரி மூணு. இதை எழுதறப்போ நான் அம்மா வயித்துல.”

நான் எண்களைப் பார்த்தே பிழைத்தவன். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

“அழுதுட்டு வீட்டுக்கு வருவேன்,” என்றார். “அம்மா மூக்கைத் துடைச்சுவிட்டு ‘போய் விளையாடு’ம்பா. ஒரு நாள் வாயைத் திறக்கலையே கண்ணு. அப்பாவுக்கு இது தெரியுமா?”

“அதுக்கு ஆதாரம் இல்லை,” என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன பதில்தான். முதல்முறையாக அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் அழவில்லை. எழுந்து போய்ச் சட்டியைத் திறந்து கிளறிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தார்.

“நீங்க எதை நம்பறீங்க?”

“தாளைத்தான். அதை அவங்க தனக்காக எழுதிக்கிட்டாங்க. இதை மேனேஜருக்காக எழுதியிருக்காங்க. ‘வி’ போடறேன், விதி கெட்டா கெட்டுட்டுப் போகுது. ஆனா எதை வச்சுப் போட்டோம்னு அடிக்குறிப்புல சொல்லணும். இந்தக் கடிதத்தை மறைச்சுட்டு என்னால அதை அச்சுல ஏத்த முடியாது. உங்க அம்மா செஞ்சது ஊருக்கே தெரிஞ்சுபோகும். வேண்டாம்னா கட்டத்தைக் காலியாவே விட்டுடறேன்.”

ஏவிஸ் கடிதத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார்.

“ரெண்டையும் போடுங்க கண்ணு. இனிமே அப்பாவை வண்டி ஓட்டக் கூப்பிட யார் இருக்கா?”