பெயர் சொல்லி அடித்தது

பூச்சிகள் விழிக்கும் நாளில் ஹாங்காங்கின் அந்த மேம்பாலத்தடியில் செருப்படிச் சத்தத்தில் டிராம் மணிகூடக் கேட்காது. மண்ணுக்குள் உறங்கும் தேளும் பூரானும் முதல் இடிக்கு எழுந்துவிடும். கூடவே மனிதரின் கெடுதலும் எழுமாம். அதனால் பகையாளியின் பெயரைக் காகிதப் பொம்மையில் எழுதிச் செருப்பால் அடிக்க வரிசை நிற்கும். பகை இல்லாதவர் ஊரில் ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது.

சௌகிங் வருஷம் தவறாமல் வருகிறவள். அடிக்கச் சொல்வதும் ஒரே பெயர்தான்: வாய்ஹொங். அவளை விட்டுவிட்டுக் கடல் தாண்டி மக்காவ் நகரத்துக்குப் போய், இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தும் புருஷன்.

"இன்னுமா அந்தாளு மேல ஆத்திரம் தீரல?" என்று சிரித்தாள் லான் அக்கா. அடித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. "சரி, என் வீட்டுக்காரன நெனச்சுக்கிட்டு அடிக்கிறேன். பலமா விழும். விலாசம் சொல்லு."

விலாசம் சொன்னால்தான் அடி ஆளைத் தேடிப் போகும். அவன் மக்காவ் நகரத்தில் எங்கே இருக்கிறான் என்று சௌகிங்குக்குத் தெரியாது. வழக்கம்போலத் தன் வீட்டு விலாசத்தையே சொன்னாள்.

தலை, வாய், கால் என்று ராகம் போட்டு அடித்தாள் அக்கா. எப்போதும் நாலு அடியில் நார்நாராகும் காகிதம் இன்று கசங்கக்கூட இல்லை. அக்காவின் பாட்டு நின்றது.

"தங்கச்சி, அந்தாளு உசுரோடதான இருக்கான்?"

"அவனுக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருப்பான்."

"கடைசியா எப்பப் பாத்த?"

சௌகிங் விரல்விட்டு வருஷங்களை எண்ணத் தொடங்கினாள்.

"காகிதம் கிழியலன்னா ஆள் செத்துட்டான்னு அர்த்தம். செத்தவன இன்னிக்கு அடிக்கக் கூடாதுடி. பேரச் சொல்லி அடிச்சா எந்திரிச்சிருவான். வீட்டு விலாசத்த வேற சொல்லித் தொலைச்சிருக்க!"

சௌகிங்கின் பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டது போலிருந்தது. கூட்டம்தான் என்று நினைத்துத் திரும்பினாள். ஒருவரும் இல்லை. அவ்வளவு நெருக்கடியிலும் வரிசை அங்கே மட்டும் விலகி, ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தது.

அக்கா அவசரமாக, கெட்டதை விழுங்கும் காகிதப் புலியின் வாயில் பன்றிக்கொழுப்பைத் திணித்தாள். குறி கேட்கப் போடும் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டை எடுத்துச் சௌகிங்கின் கையில் கொடுத்தாள்.

"'போ'ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுக் கீழ போடு. பொண்டாட்டி சொன்னாத்தான் போவான். வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சிட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

சௌகிங் வாயைத் திறந்தாள். அந்தப் பெயரை உரக்கச் சொல்ல அவளுக்கு வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் இருந்தது. திட்டுவதற்காவது ஒருத்தன் எங்கோ இருக்கிறான் என்ற தெம்பில்தான் பொழுது ஓடியது. எங்கே செத்தானோ, எந்தப் படுக்கையிலோ, ஊதுவத்தி கொளுத்தவாவது ஆள் இருந்ததோ. இத்தனை காலம் பொத்திப் பொத்தி வளர்த்த ஆத்திரத்தை உள்ளே துழாவிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"சொல்லுடி!"

மரத்துண்டுகளை அக்காவின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள் சௌகிங். காலியாக இருந்த அந்த இடத்தின் பக்கம் திரும்பினாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சௌகிங் பதிலுக்காகக் காத்து நின்றாள்.